நாற்பது கேள்விகள், ஒரு சதவீதம்

123 மதிப்பெண் என்றால் 70 சதவீதம். 124 என்றால் 80 சதவீதம். இடையில் இருப்பது ஒரே ஒரு மதிப்பெண். அந்த ஒன்றில்தான் அடையாள அட்டை மஞ்சளா நீலமா என்பதும், பெற்றோருக்குக் கிடைக்கும் வருமான வரிக் கழிவு 75,000 ரூபாயா 1,25,000 ரூபாயா என்பதும் முடிவாகின்றன. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு இந்தியாவில் அரசின் உதவி எதுவாக இருந்தாலும், அதற்கு முன் பிள்ளை அளக்கப்பட வேண்டும். அளந்து ஒரு சதவீதம் போட வேண்டும். அந்தச் சதவீதம் 40-ஐத் தொட்டால்தான் பெரும்பாலான கதவுகள் திறக்கும்.

அளக்கும் கருவிக்கு ஐ.எஸ்.ஏ.ஏ. என்று பெயர். ஆட்டிசத்தை மதிப்பிடுவதற்கான இந்திய அளவுகோல் என்பதன் சுருக்கம். செகந்திராபாத்தில் உள்ள மத்திய அரசின் தேசிய நிறுவனம் உருவாக்கி 2009-ல் வெளியிட்டது. சான்றிதழ் வழங்க இதையே பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 2016 ஏப்ரலில் அறிவித்தது. இதன் உள்ளே என்ன இருக்கிறது, மதிப்பெண் எப்படிக் கூடுகிறது, எந்தப் பதில் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பது மதிப்பீட்டு அறைக்குள் நுழையும் பெற்றோரில் பலருக்குத் தெரியாது. பிள்ளையின் பல ஆண்டுகளைத் தீர்மானிக்கும் ஒரு காலைப்பொழுதுக்குள் அவர்கள் வெறுங்கையோடு போகிறார்கள். அதனால்தான் இந்தக் கட்டுரை.

அறைக்குள் நடப்பது

மொத்தம் 40 அம்சங்கள், ஆறு பகுதிகள். பிறரோடு உறவாடுவதில் ஒன்பது, உணர்ச்சி வெளிப்பாட்டில் ஐந்து, பேச்சிலும் தொடர்பிலும் ஒன்பது, நடத்தையில் ஏழு, புலன் உணர்வில் ஆறு, அறிவாற்றலில் நான்கு. கண்ணைப் பார்க்கிறானா, சிரித்தால் திரும்பச் சிரிக்கிறானா, தன் முறை வரும்வரை காத்திருப்பானா, ஆபத்தை உணர்வானா, வந்த பேச்சு நின்றுபோனதா, நாம் சொன்னதையே திரும்பச் சொல்கிறானா, 'நான்', 'நீ' மாறி வருகிறதா, ஒரே பொருளைப் பிடித்துக்கொண்டு அலைகிறானா, தன்னையே அடித்துக்கொள்கிறானா, வலி உறைக்கிறதா, எதையும் முகர்ந்தும் தொட்டும் நக்கியும்தான் அறிகிறானா என்று போகும். அசாதாரண ஞாபகசக்தியும் இந்தப் பட்டியலில் ஓர் அம்சம்தான். காலண்டரில் எந்தத் தேதியைச் சொன்னாலும் கிழமை சொல்லும் பிள்ளையின் திறமை வீட்டில் பெருமை. இங்கே அதற்கும் ஒரு மதிப்பெண் உண்டு.

மதிப்பிடுபவர் பிள்ளையைக் கவனிக்கிறார், சில பொருள்களைக் கொடுத்துச் சோதிக்கிறார், பெற்றோரிடம் கேட்கிறார். ஒவ்வோர் அம்சத்துக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் போடுகிறார். அரிதாக என்றால் 1, சில நேரங்களில் என்றால் 2, அடிக்கடி என்றால் 3, பெரும்பாலும் என்றால் 4, எப்போதும் என்றால் 5. மிகக் குறைந்த மொத்தம் 40, மிக அதிகம் 200. எழுபதுக்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை என்று கொள்ளப்படும். 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை மிதமானது, அதற்கு மேல் கடுமையானது. சதவீதத்துக்குத் தனி அட்டவணை. சரியாக 70 என்றால் 40 சதவீதம். 71 முதல் 88 வரை 50. 105 வரை 60. 123 வரை 70. 140 வரை 80. 158 வரை 90. அதற்கு மேல் 100.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்பதுக்கும் 'சில நேரங்களில்' என்று குறிக்கப்பட்டால் மொத்தம் 80, அதாவது 50 சதவீதம். எல்லாமே 'அடிக்கடி' என்றால் 120, அதாவது 70 சதவீதம். எல்லாமே 'பெரும்பாலும்' என்றால் 160, அதாவது 100 சதவீதம். பேச்சுவழக்கில் 'சில நேரம்', 'அடிக்கடி', 'பெரும்பாலும்' என்பவற்றை நாம் எவ்வளவு அலட்சியமாக மாற்றி மாற்றிச் சொல்கிறோம்! அளவுகோலிலோ அவற்றுக்குக் கறாரான எல்லை இருக்கிறது. நூற்றுக்கு இருபது தடவை வரை நடந்தால் அரிது. நாற்பது வரை சில நேரம். அறுபது வரை அடிக்கடி. எண்பது வரை பெரும்பாலும். அதற்கு மேல் எப்போதும். கூப்பிட்டால் பத்துத் தடவையில் மூன்று தடவை திரும்பாதவனும் ஏழு தடவை திரும்பாதவனும் வேறு வேறு எண்ணில் விழுவார்கள். பத்துக்கு எத்தனை என்ற கேள்வியோடு உங்கள் பிள்ளையை இதுவரை பார்த்திருக்கிறீர்களா? பெரும்பாலான பெற்றோர் பார்த்திருக்க மாட்டார்கள். பார்க்க வேண்டிய அவசியமும் இருந்ததில்லை.

தாயின் நாக்கு

இந்த விஷயத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தாய் பல ஆண்டுகளாக ஒரு மொழியைப் பழகி வைத்திருக்கிறாள். அது பிள்ளையை விட்டுக்கொடுக்காத மொழி. கல்யாண வீட்டில், பக்கத்து வீட்டில், பள்ளிக்கூட வாசலில், மாமியார் முன்னால், 'இவன் ஏன் இப்படி இருக்கான்?' என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லிப் பழகியது. 'இப்ப நல்லா தேறிட்டான்.' 'எல்லாம் புரியும், பேசத்தான் கொஞ்சம் லேட்.' 'அவங்க அப்பாவும் நாலு வயசு வரைக்கும் பேசலையாம்.' பிள்ளையின் மானத்தைக் காக்கும் வாக்கியங்கள் இவை. இதே நாக்கோடுதான் அவள் மதிப்பீட்டு அறைக்குள் போகிறாள்.

'பேசுவானா?' என்று கேட்கிறார்கள். 'பேசுவான், ரைம்ஸ் எல்லாம் சொல்லுவான்.' உண்மைதான். டிவி விளம்பரத்தை முழுசாகச் சொல்லுவான். 'தண்ணி வேணுமா?' என்று கேட்டால் 'தண்ணி வேணுமா' என்று அவனும் சொல்லுவான். தாகம் எடுத்தால் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் குடத்தின் மேல் வைப்பான். ஆனால் இந்த மூன்று வாக்கியங்களையும் அவள் சொல்லவில்லை. 'பயம் உண்டா?' 'அவன் ரொம்ப தைரியசாலி சார்.' மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் அவன் ஏறி நின்றதும், அன்றிலிருந்து மாடிக் கதவுக்குப் பூட்டு போட்டதும், தெருவில் கையை விட்டால் பஸ்ஸுக்கு எதிரே ஓடுவான் என்பதால் அவள் தனியாகக் கடைக்குப் போவதை நிறுத்தியதும் அந்தத் தைரியத்துக்குள் புதைந்துவிடுகின்றன. 'அடம் பிடிப்பானா?' 'இல்லையே.' இல்லைதான். ஏனென்றால் பள்ளிக்கு அதே தெரு, அதே தட்டு, அதே சட்டை, கதவைச் சாத்தும் வரிசைகூட அதே என்று வீடு முழுவதும் அவன் அடம் பிடிக்காதபடி வளைந்துகொடுத்திருக்கிறது. பிள்ளையின் கஷ்டத்தைத் தன் உடம்பால் மூடிக்கொண்டவளுக்கு, அந்தக் கஷ்டம் இருப்பதே கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

ஆகவே, ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த மதிப்பீடு பிள்ளையின் திறமையைப் பரிசோதிக்கும் தேர்வு அல்ல. எங்கே ஆதரவு வேண்டும் என்று பார்க்கும் கணக்கெடுப்பு. இல்லாததைக் கூட்டிச் சொல்லக் கூடாது. பிள்ளை எதிரிலேயே இருக்கிறான், அனுபவமுள்ள உளவியலாளருக்கு அது தெரிந்துவிடும். இருப்பதைக் குறைத்தும் சொல்லக் கூடாது. நீங்கள் துணை நிற்காமல் அவன் என்ன செய்வான், நீங்கள் வீட்டை அவனுக்காக மாற்றாமல் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பதில் சொல்லுங்கள்.

நோட்டுப் புத்தகம் ஒன்று போடுங்கள். மதிப்பீட்டுத் தேதிக்கு முந்தைய சில வாரங்கள் தினமும் எழுதுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினான், கூப்பிட்டபோது எத்தனை தடவை திரும்பினான், எதற்குக் கதறினான், எவ்வளவு நேரம், எப்படி அடங்கினான் என்று. கடைத்தெருவில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டதை, விளையாடும் பிள்ளைகளுக்கு நடுவே தனியாகச் சக்கரம் சுற்றுவதை மொபைலில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். அது காட்சிக்கு வைப்பதற்கு இல்லை, அந்த அறைக்கு மட்டும். வகுப்பாசிரியரிடம் ஒரு கடிதம், தெரபி கொடுப்பவரிடம் ஓர் அறிக்கை வாங்குங்கள். பிள்ளையோடு அதிக நேரம் இருப்பது பாட்டி என்றால் பாட்டியை அழைத்துப் போங்கள். வெளியூரில் வேலை பார்த்து மாதம் ஒருமுறை வரும் அப்பாவைவிட அவருக்கு அதிகம் தெரியும்.

இன்னொன்று. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவனுடைய குறைகளை ஒவ்வொன்றாக அடுக்குவது கொடுமை. பேசாத பிள்ளைக்குக் காது கேட்கும். பேசுகிற அளவைவிடப் பல மடங்கு புரிந்துகொள்ளும் பிள்ளைகள் இவர்களில் ஏராளம். 'கவனிக்க வேண்டியதை முதலில் பாருங்கள், பிறகு அவனை வெளியே அழைத்துப் போகிறோம், நான் தனியாகப் பேசுகிறேன்' என்று கேட்கலாம். கேட்பதில் தவறில்லை. துணைக்கு இன்னொருவர் வேண்டியிருப்பது அதற்காகவும்தான்.

இரண்டு காகிதங்கள்

குழப்பம் வருகிற இடம் ஒன்று உண்டு. ஆட்டிசம் இருக்கிறது என்று டாக்டர் கண்டறிந்து எழுதிக் கொடுப்பது வேறு. மாற்றுத்திறனாளி என்று அரசு சான்றளிப்பது வேறு. முதலாவதை வளர்ச்சிநிலைக் குழந்தை மருத்துவரோ மனநல மருத்துவரோ மருத்துவ உளவியலாளரோ செய்யலாம். ஒன்றரை வயதிலிருந்தே எம்-சாட் எனும் இருபது கேள்விப் பட்டியல் மூலம் சந்தேகத்தை வடிகட்டலாம். அதன் பிறகு 2013-ல் வெளிவந்த டி.எஸ்.எம்.-5 வரையறைப்படி முறையாகக் கண்டறியலாம். பெரிய தனியார் மருத்துவமனையில் நிறையப் பணம் கட்டி வாங்கிய இருபது பக்க அறிக்கையாகவே இருந்தாலும், அதைக் காட்டி எந்த உதவித்தொகையும் வாங்க முடியாது. மருத்துவக் குழு பார்க்கும்போது அது வலுவான துணை ஆவணம், அவ்வளவுதான். சதவீதம் போட்டுச் சான்றளிக்கும் அதிகாரம் அரசு அறிவித்த மருத்துவ அமைப்புகளுக்கு மட்டுமே. நடைமுறையில் அது மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

இந்தக் குழப்பத்தால் நேரும் பெரிய நஷ்டம் பணத்தில் இல்லை, வயதில். 'சான்றிதழ் வரட்டும், பிறகு தெரபி ஆரம்பிக்கலாம்' என்று காத்திருக்கும் வீடுகள் இருக்கின்றன. மூளை வேகமாக வளையும் முதல் ஐந்து ஆறு ஆண்டுகள் வரிசையில் நின்றே கழிந்துவிடக் கூடாது. பயிற்சிக்குச் சான்று தேவையில்லை, சந்தேகமே போதும். 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் அரசு மருத்துவமனைகளில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் வந்திருக்கின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு அரசு நடத்தும் 'உரிமைகள்' திட்டத்தில் 'விழுதுகள்' என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் திறக்கப்படுகின்றன. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு ஒன்றிய வள மையங்களில் சிறப்பாசிரியர்களும் பயிற்சியாளர்களும் உண்டு. இவை எல்லாம் எல்லா ஊரிலும் ஒரே தரத்தில் இல்லை. ஆனாலும் முதலில் தட்ட வேண்டியவை இந்தக் கதவுகள்தாம்.

சான்றுக்கான பாதை இப்போது இணையத்தில் தொடங்குகிறது. 2021 ஜூன் முதல் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ், தனித்துவ அடையாள அட்டைக்கான யூ.டி.ஐ.டி. தளத்தின் வழியாக மட்டுமே வழங்கப்பட வேண்டும் என்று ஆனது. வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம், தெரியாவிட்டால் இ-சேவை மையத்தில் போட்டுத்தருவார்கள். ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று, இருக்கும் மருத்துவ அறிக்கைகள் வேண்டும். விண்ணப்பம் மருத்துவமனைக்குப் போகும், ஒரு தேதி வரும், அன்று பிள்ளையோடு போக வேண்டும். 2024 அக்டோபரில் விதிகள் திருத்தப்பட்டபோது, ஒரு மாதத்துக்குள் சான்று தர வேண்டும் என்றிருந்த கெடு மூன்று மாதமாக நீட்டப்பட்டது. நாற்பதுக்குக் கீழே என்றால் வெள்ளை அட்டை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம்.

சொல்வதற்கு எளிதாக இருக்கிறது. அந்த ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். விடியற்காலை பஸ். மருத்துவமனை வராந்தாவில் நூறு பேர். மின்விசிறி இரைச்சல், டெட்டால் வாசனை, யாரோ ஒருவர் பெயர்களை உரக்கக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். சத்தமும் கூட்டமும் புதிய இடமும்தான் இந்தப் பிள்ளைகளுக்குத் தாங்க முடியாதவை, அவை மூன்றையும் ஒரே இடத்தில் குவித்து, அங்கே மணிக்கணக்கில் உட்காரவைக்கிறோம். அவன் கதறிச் சோர்ந்து தூங்கிப்போன பிறகு முறை வருகிறது. அல்லது சோர்வில் அடங்கி, சாதுவாக, மதிப்பிடுபவர் கொடுத்த கட்டைகளை அடுக்கிக்கொண்டு இருக்கிறான். இரண்டுமே அவனல்ல. தினக்கூலிக்குப் போகும் பெற்றோருக்கு அன்றைய கூலி போய்விட்டது. மறுபடி வரச் சொன்னால் இன்னொரு கூலியும் போகும். மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர்கள் போதிய எண்ணிக்கையில் இல்லாததால், அவர்கள் வரும் கிழமைக்காகக் காத்திருக்க வேண்டியும் இருக்கிறது. ஆட்டிசம் மதிப்பீட்டுக்கென்று தனி நேரமும் அமைதியான ஓர் அறையும் ஒதுக்குவதற்குப் பெரிய நிதி எதுவும் வேண்டாம். அதைக்கூடச் செய்யாமல் இருப்பதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

கையில் என்ன வருகிறது

இவ்வளவும் பட்டு வாங்கும் அட்டைக்கு என்ன கிடைக்கும்? தமிழ்நாடு அரசின் மாதப் பராமரிப்பு உதவித்தொகை 2023-ல் 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்ந்தது. அறிவுசார் குறைபாட்டுக்கு 40 சதவீதம் போதும், கடும் பாதிப்பு என்ற பிரிவில் 75 சதவீதம் வேண்டும். ஐ.எஸ்.ஏ.ஏ. அட்டவணையில் 75 என்ற படியே கிடையாது, எழுபதிலிருந்து நேரே எண்பதுக்குத் தாவுகிறது. ஆகவே சான்றில் என்ன குறைபாடு என்று எழுதப்படுகிறது, உங்கள் பிள்ளை எந்தப் பிரிவில் பரிசீலிக்கப்படுவான் என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது அவசியம். ஆட்டிசத்தோடு அறிவுசார் குறைபாடும் இருக்கும் பிள்ளைக்கு இரண்டையும் மதிப்பிடச் சொல்லிக் கேட்க வேண்டும். இரண்டு குறைபாடுகளைச் சேர்ப்பதற்குத் தனிச் சூத்திரம் இருக்கிறது. ஒன்று 60, மற்றது 50 என்றால் கூட்டு மதிப்பு ஏறத்தாழ 77-க்குப் போகும். ஒன்றை மட்டும் அளந்துவிட்டு வந்தால் அது கிடைக்காது.

மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் 'நிராமயா' காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆஸ்பத்திரியில் சேராமலே, வழக்கமான தெரபிச் செலவில் ஒரு பகுதியையும் திரும்பப் பெறலாம். கட்டணம் சில நூறு ரூபாய்தான். இவ்வளவு நல்ல திட்டத்தைத் தெரியாமலே பல குடும்பங்கள் கைக்காசைச் செலவழிக்கின்றன. 80டிடி என்று எல்லோருக்கும் பழக்கமான வரிக் கழிவு பழைய வரிமுறையில் மட்டும் செல்லும், புதிய முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இல்லை. பள்ளித் தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவர் உதவியும் உண்டு. உயர்கல்வியில் ஐந்து சதவீத இடஒதுக்கீடு, அரசு வேலையில் நான்கு சதவீதத்துக்குள் ஆட்டிசத்தையும் சேர்த்த ஒரு பிரிவு. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் இலவசப் பயணம். அரசு ஊழியரின் பிள்ளை என்றால் பெற்றோர் காலத்துக்குப் பின்னும் குடும்ப ஓய்வூதியம்.

இவை ஒவ்வொன்றும் தேவை. ஆனால் பேச்சுப் பயிற்சிக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கும் நகரங்களில் ஓர் அமர்வுக்கே பல நூறு ரூபாய் ஆகிறது. வாரத்தில் மூன்று நான்கு அமர்வு என்றால் மாதம் 2,000 ரூபாய் முதல் வாரத்தைத் தாண்டாது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அம்மா வேலையை விட்டதால் போன சம்பளம் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. சதவீதத்துக்கு ஏற்ற சலுகை என்பதுதான் நம் ஏற்பாடு. இந்தப் பிள்ளைக்கு வாரம் எத்தனை மணி நேரப் பயிற்சி வேண்டும், அந்தத் தாய்க்கு எத்தனை மணி நேரம் மாற்றுத் துணை வேண்டும் என்று கேட்டுத் தொகை ஒதுக்கும் ஏற்பாடு நம்மிடம் இன்னும் இல்லை.

அப்படிக் கேட்கும் நாடுகளும் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் 2013-ல் தொடங்கிய தேசிய மாற்றுத்திறனாளி காப்பீட்டுத் திட்டம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஆதரவுத் திட்டம் வகுத்து நிதி தருகிறது. சிட்னியிலும் மெல்பர்னிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் அதன் பலனைப் பெறுகின்றன. அங்கும் மதிப்பீடுதான் வாசல். அரசு வரிசை நீளம் என்பதால் தனியாரிடம் ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்து அறிக்கை வாங்குகிறார்கள். அறிக்கையில் ஆட்டிசம் இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்று வந்தால் தகுதி எளிது, முதல் நிலை என்றால் தேவையை நிரூபித்தாக வேண்டும். ஆனால் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு ஆட்டிசம் என்ற முடிவு வருவதற்கு முன்பே, வளர்ச்சித் தாமதம் என்ற அளவிலேயே ஆதரவைத் தொடங்கும் வழியை அங்கே வைத்தார்கள். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த ஒன்றை.

கோட்டுக்கு வெளியே

இந்தியாவில் ஆட்டிசம் சட்டத்தின் கண்ணில் பட்டதே தாமதமாகத்தான். 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் அது இல்லை. 1999-ன் நேஷனல் டிரஸ்ட் சட்டத்தில் வந்தது, ஆனால் சதவீதம் போட வழியில்லாததால் அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் மனவளர்ச்சி குன்றியவர்கள் என்ற பெயரிலேயே சான்று வாங்கினார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2.68 கோடி மாற்றுத்திறனாளிகளைக் கணக்கெடுத்தது, ஆட்டிசத்துக்குத் தனிப் பத்தியே அதில் இல்லை. 2016 சட்டம் 21 குறைபாடுகளில் ஒன்றாக அதைச் சேர்த்தது. இத்தனைக்குப் பிறகும் கோட்டுக்கு வெளியே நிற்பவர்கள் இருக்கிறார்கள்.

நன்றாகப் பேசும் பெண் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். தோழிகளின் சிரிப்பையும் கையசைப்பையும் பார்த்துப் பார்த்துப் பழகி, பள்ளி முழுவதும் சமாளித்துவிட்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு குலுங்கி அழுகிறவள். புத்தகப்படி கண்ணைப் பார்க்கிறாள், பதில் சொல்கிறாள். அளவுகோலில் எழுபதைத் தொட மாட்டாள். அவளுடைய களைப்பை அளக்க அதில் வழி இல்லை. முப்பது வயதில் தனக்கு ஆட்டிசம் இருப்பதை உணரும் ஒருவர் நிலை இன்னும் கடினம். சிறு வயதுக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டிய பெற்றோர் இல்லாமல் போயிருக்கலாம், இருந்தாலும் மறந்திருக்கலாம்.

குழு தந்த சதவீதம் பிள்ளையின் நிலைக்குப் பொருந்தவில்லை என்று தோன்றினால், சும்மா திரும்பி வரவேண்டியதில்லை. 2016 சட்டத்தின் 59-ஆம் பிரிவு மேல்முறையீட்டு உரிமை தருகிறது. நோட்டுப் புத்தகமும் பள்ளிக் கடிதமும் அப்போதும் உதவும். திங்கட்கிழமைகளில் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் நாளில் மனு கொடுக்கலாம், கொடுத்த மனுவுக்கு ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சிறு வயதில் தரப்படும் சான்றில் பெரும்பாலும் காலாவதித் தேதி இருக்கும், மறுபடி மதிப்பீடு உண்டு. இங்கே ஒரு வேதனையான முரண் இருக்கிறது. தாய் தன் வேலையை விட்டு, நகையை அடகு வைத்து, தினமும் தெரபிக்குத் தூக்கிக்கொண்டு அலைந்ததால் பிள்ளை தேறியிருக்கிறான். மதிப்பெண் இறங்குகிறது. இறங்கினால் உதவியும் குறையலாம். தேறியது அந்த ஆதரவால்தான், ஆதரவை எடுத்தால் தேறியது நிலைக்காது என்பதை மறுமதிப்பீட்டு விதிகள் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒரு முறை தகுதி பெற்ற பிள்ளைக்கு 18 வயது வரை உதவியை நிறுத்தாமல் தொடர வேண்டும் என்று பெற்றோர் அமைப்புகள் கேட்டால், நான் அவர்கள் பக்கம்.

பதினெட்டு வயது வரும்போது பெரும்பாலான வீடுகள் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. அன்று முதல் சட்டத்தின் பார்வையில் அவன் வயது வந்தவன். வங்கிக் கணக்கு, சொத்து, மருத்துவ ஒப்புதல் எதிலும் பெற்றோர் தாமாகக் கையெழுத்துப் போட முடியாது. சொந்தமாக முடிவெடுக்க உதவி தேவைப்படும் பிள்ளைக்கு நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி சட்டபூர்வப் பாதுகாவலரை நியமித்துக்கொள்ளலாம். கலெக்டர் தலைமையிலான உள்ளூர் நிலைக் குழு அந்த நியமனத்தைச் செய்கிறது. பெற்றோருக்குப் பிறகு யார் என்பதையும் அப்போதே யோசித்து எழுதி வைக்கலாம். அந்த விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய ஆவணங்களில் மாற்றுத்திறனாளிச் சான்றிதழும் ஒன்று. காலாவதியாகாத சான்றாக இருக்க வேண்டும் என்பதால், பதினேழு வயதிலேயே புதுப்பிக்கும் வேலையைத் தொடங்கிவிடுங்கள்.